டீக்கறை அர்த்தநாரி கேட்ட ஆல்பங்கள்

திருப்பூர் பக்கத்து அருள்புரத்தில் போய் அர்த்தநாரி என்று விசாரித்தால், எந்த அர்த்தநாரி என்று திருப்பிக் கேட்பார்கள். டீக்கறை அர்த்தநாரி என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் வாயைத் திறக்காமல் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். வாசலில் முருகன் பேரில் ஆறடி நீளத்துக்குப் போர்டு இருக்கிறது. அதை இதுவரை ஒருத்தரும் படித்ததாகத் தெரியவில்லை. முப்பது வருஷம் மை வாசனையில் நின்று உழைத்த மனுஷனுக்கு ஊர் கொடுத்த பட்டம் இது.

அவருக்குத் தொழில், பனியனில் படம் அச்சடிப்பது. அதிலும் முக்கால்வாசி வெளிநாட்டுப் பாட்டுக் கோஷ்டிகளின் ஆல்பம் அட்டைப் படங்கள். அந்த ஊர்களில் ஒருத்தருக்கு ஓர் ஆல்பம் பிடித்துவிட்டால் அதன் அட்டையை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரியவேண்டும் என்று ஒரு வழக்கம். அந்த நெஞ்சுகளில் பாதிக்கு அர்த்தநாரிதான் பொறுப்பு. எரிகிற கிடார், மூன்று கண் பூனை, கடலுக்கு அடியில் சைக்கிள் ஓட்டுகிற பாதிரியார் என்று முந்நூறு ஆல்பத்துக்கு மேல் அடித்திருக்கிறார். ஒன்றிலும் ஒரு பாட்டு கேட்டது கிடையாது. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் கிடையாது. ஆல்பங்களை அவர் கலர் எண்ணித்தான் அறிவார். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன். எட்டு ஸ்கிரீன் போட்டு அடிப்பது மேதைகளின் ஆல்பம்; ஒற்றைக் கறுப்பில் வெறும் எழுத்தாக வருவது வழியில்லாதவர்களின் ஆல்பம். இதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

டீக்கறை கதை நடந்தது இரண்டாயிரத்து ஒன்றில். அவர் மனைவி கமலாம்பாளின் தம்பி தீனதயாளன் அப்போதுதான் எக்ஸ்போர்ட் தொடங்கியிருந்தார். கிடைத்த முதல் பெரிய ஆர்டரின் பிரிண்டிங்கை அக்கா வீட்டுக்கே கொடுத்தார். படம் ரொம்ப எளிமை. ஒரு பழைய மர மேஜை, மேலே பாடியவர்களின் பெயர், அவ்வளவுதான். ஆனால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், அனுப்பிய காகிதத்தில், மேஜைக்கு நட்டநடுவே, வட்டமாக ஒரு பழுப்புக் கறை இருந்தது.

திருப்பூரில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வரும். வந்த டம்ளரைக் கையில் சிக்கியதன் மேலெல்லாம் வைப்பார்கள். பில் புக், பேட்டர்ன் அட்டை, கல்யாணப் பத்திரிகை எதற்கும் விலக்கு கிடையாது. ஆகவே கறையைப் பார்த்ததும் அர்த்தநாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சினன் ஆபீசுக்குப் போன் போட்டு, டம்ளர் வைக்க உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று ஒரு பிடி பிடித்தார். போனை எடுத்த பெண் பழக்கதோஷத்தில் ஸாரி சார் என்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் பொறுப்பான மனுஷன். அதுதான் வினை. ஸ்கிரீன் எடுப்பதற்கான பிலிமில் இருந்த வட்டத்தைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். சுரண்டிய இடத்தில் அறுந்துபோன மரக்கோடுகளை மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்தார். இரண்டு நாள் முதுகு ஒடிந்தது. கெடு நெருங்கிவிட்டதால் சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்க நேரமில்லை. நாலாயிரம் பனியன் கறை நீங்கிப் பளிச்சென்று அச்சாகிக் கப்பல் ஏறக் கிளம்பியது.

கப்பல் ஏறவில்லை. கடைசிச் செக்கிங்குக்கு வந்த பையரின் ஆள் ஒரு பனியனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வட்டம் எங்கே என்று கேட்டார். வட்டம்தான் படம், மேஜை சும்மா பின்னணி என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. நாலாயிரமும் ரிஜெக்ட். கழித்த பனியன் விற்கிற காதர்பேட்டைக்காரர்கள் எடை போட்டு வாங்கிப் போனார்கள்.

தீனதயாளன் அதற்குப் பிறகு மாமாவுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை, கதைதான் கொடுத்தார். சொந்தத்தில் எந்த விசேஷமானாலும், பந்தியில் பாயசம் வரும் நேரத்துக்கு அந்தக் கதையும் வந்துவிடும். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்தது. முதலில் பிளேடால் சுரண்டியவர் பிற்பாடு சோப்புப் போட்டுத் துவைத்தார், இன்னும் பிற்பாடு நாலாயிரம் பனியனையும் நொய்யல் ஆற்றுக்கே எடுத்துப் போனார். கேட்கிறவர்கள் கதை தொடங்கும் முன்பே சிரித்து முடித்துவிடுவார்கள். அர்த்தநாரி இலையைப் பார்த்தபடி சாப்பிடுவார். கறையைக் கறை என்று நினைத்தது என்ன குற்றம் என்பது அவர் கட்சி. தன் மேல் தப்பில்லை என்று கடைசி வரை நம்பினார். இதே பந்தியில், இதே வாயால், அன்னைக்கு மாமா மேல் தப்பில்லை என்று மச்சினன் ஒருநாள் சொல்லவேண்டும். கிருத்திகைக்குக் கிருத்திகை சிவன்மலை ஏறி, அங்கே இருக்கிற முருகனிடம் அவர் கேட்டது இந்த ஒன்றைத்தான். இருபத்து மூன்று வருஷமாகக் கேட்டார்.

இந்த நிலையில்தான் கமலாம்பாள் சேலை தேடப் போய்ப் பாட்டு கிடைத்தது. யூனிட்டில் செக்கிங் முழுக்க அந்த அம்மாள் பொறுப்பு. யார் உடம்பில் நல்ல சேலையைக் கண்டாலும் போனில் படம் பிடித்துவிடுவார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று போன் சொல்லும். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் மை கொடுக்க வந்த பெண்ணின் சேலையைப் பிடித்தபோது, மேஜையில் கிடந்த பனியனும் சேர்ந்து படத்தில் விழுந்துவிட்டது. போன் சேலையை விட்டுவிட்டுப் பனியனைப் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் எதையோ தொட, மூன்று கண் பூனை பாட ஆரம்பித்தது.

அர்த்தநாரி மை கிண்டிய கரண்டியோடு ஓடி வந்தார். "ஏம்புள்ள, இதுக்குள்ளார பாட்டு வேற இருக்குதா?" என்று கேட்டார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அடித்த ஒவ்வொரு படத்திலும் முதல் துண்டை எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவைப்பது அவர் வழக்கம். அதையெல்லாம் வெளியே எடுத்துக் கலர்வாரியாக அடுக்கினார். எட்டு கலர் முதலில், ஒற்றைக் கலர் கடைசியில். போனைத் துண்டின் மேல் காட்டுவார், ஆல்பம் வரும், காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் மார்க்கர் பேனாவை எடுத்துத் துணியின் ஓரத்தில் தீர்ப்பு எழுதுவார். பாஷை புரியாதே என்று யாராவது கேட்டால், பனியன் போடுகிறவனுக்குத் தமிழ் தெரியுமா என்று மடக்குவார்.

பாதிரியார் சைக்கிள் ஓட்டும் ஆல்பம்தான் வரிசையில் முதல். எட்டு கலர், அதில் ஒன்று உப்பி நிற்கும் மை. அவர் அடித்ததிலேயே கஷ்டமான படம். உள்ளே நாற்பது நிமிஷம் ஏதோ கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கேட்டார், மறுபடியும் கம்ப்ரெஸர்தான். "ரிஜெக்ட்" என்று எழுதினார். அடுத்த எட்டு கலரில் மூன்றாவது பாட்டு ஓட்டை. இன்னொன்று நடுவிலேயே ஷேடு மாறியது. இப்படியே ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கி, கடைசியில் ஒற்றைக் கறுப்பு ஆல்பம் ஒன்றுக்கு வந்தார். மிச்ச மையில் வேண்டாவெறுப்பாக அடித்துக் கொடுத்தது அது. ஒரு கிழவரின் குரல், ஒரு பெட்டி வாத்தியம், வேறொன்றும் கிடையாது. கேட்டுவிட்டு "ஓகே" என்று எழுதினார். மறுநாள் திரும்பக் கேட்டுவிட்டு, பக்கத்திலேயே இன்னொரு "ஓகே" எழுதினார். கலருக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஐம்பத்தெட்டாவது வயதில் தெரிந்துகொள்வது லேசான விஷயம் இல்லை. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் பேச ஆரம்பித்தார், அது அதைவிட மோசம். ரசிகர் ஆகிவிட்டவரோடு குடும்பம் நடத்துவது எளிதா? மை சப்ளை செய்யும் தனபால் பில்லோடு வந்தால், பழைய ஆல்பங்களைத் துலக்கிப் புதுசாக விடுகிறார்களே, அதெல்லாம் ஓவர் பிளீச், துணியில் உயிரே இல்லை என்று அரைமணி நேரம் பிடித்து வைப்பார். மை காயவைக்கிற கியூரிங் மெஷின் இரைச்சலில் தனபாலுக்கு ஒன்றும் கேட்காது. அவர் ஆமாங்க, ஆமாங்க என்று தலையை ஆட்டிவிட்டுப் பில்லை நீட்டுவார்.

எல்லாம் கேட்டவர் ஒன்றை மட்டும் பெட்டிக்கு அடியிலேயே விட்டுவைத்திருந்தார். மேஜை ஆல்பம். அந்தத் துண்டு கையில் பட்டாலே பாயச வாசனை அடிக்கும்.

ஐப்பசியில், மாதாந்திர மின்தடை நாளன்று, மெஷினெல்லாம் நின்று யூனிட் அமைதியாகக் கிடந்தபோது அதையும் எடுத்தார். ஒரு பெண்ணும் ஒரு ஆணும் மாற்றி மாற்றிப் பாடினார்கள். சண்டை போல் ஒரு பாட்டு, சமாதானம் போல் ஒரு பாட்டு. நாலாவது பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கவில்லை. மரத்தின் மேல் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. யாரோ நடந்தார்கள். கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகு ஐந்து பாட்டிலும் ஆண் குரல் மட்டும்தான். அந்தப் பெண் திரும்ப வரவே இல்லை.

அர்த்தநாரி காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அந்தத் துண்டை மடியில் விரித்தார். சுத்தமான மேஜை. அவர் இழுத்த கோடுகள் இன்னும் பளிச்சென்று இருந்தன. போனவள் விட்டுப் போனது அந்த வட்டம் ஒன்றைத்தான்; அதைத்தான் அவர் பிளேடு போட்டுச் சுரண்டியிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்து மூன்று வருஷம் பந்தியில் சிரித்தவர்களுக்கெல்லாம் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாது, ஆனாலும் அவர்கள் சிரித்தது சரிதான். அதை நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதார்.

என்னவோ ஏதோ என்று ஓடி வந்த கமலாம்பாளுக்கும் அதைப் போட்டுக் காட்டி விளக்கினார். அந்த அம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "போறவ டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போயிருக்கலாமுல்லீங்க" என்றார். ஆனால் அன்று நாலு மணி டீ வந்தபோது தன் டம்ளரை மேஜையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

பத்தாவது நாள் தீனதயாளனின் கார் சந்துக்குள் நுழைந்தது. அந்தக் கார் அந்தச் சந்தில் திரும்பாது, ரிவர்சில்தான் போகமுடியும். அப்படிப்பட்ட இடத்துக்கு அவரே வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது. பெரிதுதான். வெளிநாட்டு இளவட்டங்கள் பழைய ஆல்பங்களையெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மேஜை ஆல்பத்துக்கு இப்போது ஏகக் கூட்டம். அதில் ஒருத்தர், எந்த நாட்டுச் சந்தையிலோ, வட்டமில்லாத பழைய பனியன் ஒன்றைக் கண்டெடுத்துவிட்டார். காதர்பேட்டையில் எடைக்குப் போனவற்றில் ஒன்று. அவர் அதைப் படம் பிடித்துப் போட, வட்டம் ஏன் இல்லை என்று ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்: வட்டம் இல்லையென்றால் டம்ளர் வைக்கவே இல்லை, டம்ளர் வைக்கவில்லையென்றால் அந்தப் பெண் போகவே இல்லை, பாடியவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொன்ன சேதி இது. நீண்ட கட்டுரைகள் வந்தன. பையர் இப்போது அதே பனியனைக் கேட்கிறார், பன்னிரண்டாயிரம்.

தீனதயாளனின் டிசைனர்கள் கம்ப்யூட்டரில் வட்டத்தை அழித்து மூன்று தடவை சாம்பிள் அனுப்பினார்கள். மூன்றும் திரும்பி வந்தன. நடுவிலுள்ள கோடுகளில் ஜீவன் இல்லையாம். ஜீவன் அர்த்தநாரியின் பிரஷ்ஷில் இருந்தது, பிலிம் அர்த்தநாரியின் பரண்மேல் இருந்தது.

தீனதயாளன் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா கொடுத்த டீயைக் கீழே தரையில் வைத்தார். "மாமா, அன்னைக்கு உங்க மேல தப்பே இல்லீங்க. நாந்தான் புரிஞ்சுக்கல" என்றார்.

முருகன் கொடுத்துவிட்டார். ஆனால் கேட்டவருக்கு இப்போது அது வேண்டாம். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் அர்த்தநாரி அந்த வார்த்தையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். இப்போது அது வேறு யாருக்கோ வந்த பார்சல் மாதிரி இருந்தது.

"இல்லீங்க மாப்ள, தப்பு என்னுதுதான்" என்றார். "பிலிம் தர்றேன். மொதல்ல இந்தப் பாட்டை ஒருக்காக் கேளுங்க."

காரில்தான் உட்கார்ந்து கேட்டார்கள், ஏசி போட்டுக்கொண்டு. நாலு பாட்டுக்குள் தீனதயாளனுக்கு ஒன்பது போன் வந்தது. ஒன்பதையும் எடுத்துப் பேசினார். டம்ளர் வைக்கிற சத்தம் வந்தபோது மட்டும் அதிர்ஷ்டவசமாகச் சும்மா இருந்தார். சத்தத்தைக் கேட்டதும் சட்டென்று திரும்பி, யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஜன்னலை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார்.

"யாருமில்லீங்களே மாமா" என்றார்.

அர்த்தநாரி காரிலிருந்து இறங்கினார். பரண் ஏறிப் பிலிமை எடுத்துக் கொடுத்தார். தப்பான படம் என்று தெரிந்தேதான் கொடுத்தார். பையர் கேட்பதுதான் சரியான படம் என்பது திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வேதம். பன்னிரண்டாயிரத்தையும் அவர் யூனிட்டிலேயே அடித்தார்கள். கோடுகளில் ஜீவன் இருப்பதாக உடனே ஒப்புதல் வந்தது.

தை மாதம் கமலாம்பாளின் அக்கா சாரதாமணி வீட்டில் நிச்சயதார்த்தம். பல்லடத்தில் மண்டபம். பாயசம் வந்தது, தீனதயாளன் தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை கதை புதுசு. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்பே, உலகத்தில் ஒருத்தருக்கும் புரியாத ஒரு நுட்பத்தை எங்கள் மாமா புரிந்துகொண்டு வட்டத்தை எடுத்தார், வெள்ளைக்காரர்களுக்கே இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்றார். பந்தி முழுக்க அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தது. முதல் முறையாக ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சிரிப்புக்கென்று தீனதயாளன் ஒன்றைக் கடைசியில் வைத்திருந்தார். அந்த ஆல்பத்தில் பாடிய ஆண் இன்னும் உயிரோடு இருக்கிறாராம், எண்பது வயது. யாரோ புதுப் பனியனைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். பையருக்கு ஒரே வரியில் எழுதிக் கேட்டாராம்: அவள் வைத்துவிட்டுப் போன வட்டத்தை எடுத்தது யார்? பையர் ஆபீசில் எல்லோரும் சிரித்துவிட்டு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். பெரியவருக்கு வயசாகிவிட்டது, தன் படமே மறந்துபோச்சு என்று தீனதயாளன் சொன்னதும் பந்தி குலுங்கியது.

அர்த்தநாரி இலை முன்னாலிருந்து எழுந்தார். சாப்பிட்ட கையோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அந்தப் பெரியவரு சொல்றதுதானுங்க செரி. எடுத்தது நான். டீக்கறைன்னு நெனச்சு எடுத்துட்டேன். நுட்பமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, தப்பு."

எதிர் வரிசையில் வயசான ஒருத்தர், என்ன அடக்கம் பாருங்க என்றார். எத்தனை உசரம் போனாலும் மனுசன் மாறலையே என்று இன்னொருத்தர். தீனதயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவுக்குப் பெரிய மனசு என்றார். தப்பில்லை என்று இருபத்து மூன்று வருஷம் சொன்னபோது நம்பவில்லை, தப்பு என்று இப்போது சொன்னால் இதையும் நம்பவில்லை. யாரோ அவர் தோளில் துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். கமலாம்பாள் பக்கத்தில் வந்து, உட்காருங்க, பாயசம் ஆறுது என்று மெல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் யூனிட்டைத் திறந்து, பழைய பிலிமில் தான் இழுத்த கோடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். பதினொரு மணிக்கு வந்த டீயைக் குடித்துவிட்டு, டம்ளரின் அடியில் கறுப்பு மையைத் தடவி, பிலிமில் இருந்த மேஜையின் நட்டநடுவில் வைத்து எடுத்தார்; பிலிமில் எந்தக் கலரும் கறுப்புதான். ஒரே ஒரு பனியன் அடித்தார். கமலாம்பாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் செக்கிங் முடித்து, நூல் பிசிறைக் கத்தரித்து, மடித்துக் கொடுத்தார். விலாசத்துக்கு, பாடிய பெரியவர் எழுதிய கடுதாசியின் நகலைத் தனபால் மூலமாக மச்சினன் ஆபீசிலிருந்து வாங்கியாகிவிட்டது.

கூரியர் ஆபீசில் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தது. சாம்பிளா, கிஃப்டா என்று கேட்டது. இரண்டும் இல்லை, ஆர்டர் என்றார் அர்த்தநாரி. ஒரே ஒரு பீஸ் ஆர்டரா என்று அது நிமிர்ந்து பார்த்தது. ஆமாம், கொஞ்சம் லேட்டாகிவிட்டது என்றார். கெடு தவறிய சரக்கு கப்பலில் போகாது, தப்பு செய்தவர் தன் கைக்காசில் பிளேனில்தான் அனுப்பவேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

"எத்தனை நாள் லேட்டுங்க?" என்று பரிவோடு கேட்டது.

"இருபத்து மூணு வருசமுங்க கண்ணு" என்றார். "அதுதான் ஏர்ல அனுப்பறேன்."